ஏழாம் அத்தியாயத்துப் பேச்சு

அக்டோபர் 6, திங்கள்

நாவல் திரும்பி வந்துவிட்டது. முந்நூற்றுப் பத்துப் பக்கங்களில் இருநூற்றுத் தொண்ணூறு பக்கம் நன்றாக இருக்கிறதாம். ஏழாம் அத்தியாயம் மட்டும் உதைக்கிறதாம். பதிப்பகத்தில் எனக்கு எடிட்டராக வாய்த்திருக்கும் நிலோஃபருக்கு முப்பத்தொரு வயது. நான் எழுத ஆரம்பித்தபோது அவள் பிறக்கவே இல்லை. போனில் மரியாதையாகத்தான் சொன்னாள்.

"சார், கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னாடி அந்தப் பசங்க கஞ்சா அடிக்கிற சீன். அவங்க அடிக்கிற மாதிரியே இல்ல சார். கஞ்சாவப் பத்தி கட்டுரைப் போட்டிக்கு வந்த மாதிரி இருக்கு."

"எந்த இடம்?"

"'மச்சி, அந்தக் கஞ்சாப் பொட்டலத்த எடுடா, ஒரு இழுப்பு இழுத்தா சொர்க்கம் தெரியும்டா'ன்னு வருது. இன்னொரு இடத்துல சிலும்பி. அதெல்லாம் பழைய படத்துல சாமியாருங்க வெச்சிருப்பாங்க சார்."

அதோடு விட்டிருந்தால் இரவு சாப்பாடு இறங்கியிருக்கும். "மரியசூசை சார் புது நாவல் படிச்சீங்களா? அதுல பசங்க பேச்சு அப்படியே காதுல கேக்குது" என்றாள். நவம்பர் முப்பதுக்குள் திருத்திக் கொடுத்தால் ஜனவரி புத்தகக் கண்காட்சிக்கு வரும். இல்லாவிட்டால் அடுத்த வருடம்.

கேஸ் சிலிண்டர் பதிவு செய்தேன். முழங்காலுக்குத் தைலம் தீர்ந்துவிட்டது.

அக்டோபர் 8, புதன்

சூசையின் நாவலைப் படித்தேன். 'பதினோராம் மாடி'. சூசையும் நானும் முப்பத்திரண்டு வருட நண்பர்கள். அவனுக்கும் ஐம்பத்தெட்டு, எனக்கும் ஐம்பத்தெட்டு. அவன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நான் வங்கியில் விருப்ப ஓய்வு பெற்றவன். இருவருக்கும் சர்க்கரை. இருவரும் பீடிகூடப் பிடித்ததில்லை. பிறகு அவன் நாவலில் இந்தப் பேச்சு எங்கேயிருந்து வந்தது?

"இருக்கா?"

"இருக்கு. பேப்பர்தான் இல்ல."

"போய் வாங்கினு வா."

"நீ போ."

யாரும் போகவில்லை.

இவ்வளவுதான். இதற்குப் போய் ஊரே கொண்டாடுகிறது. ஆனால் படித்தபோது அந்தப் பையன்கள் என் அறையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அதைச் சொல்லாவிட்டால் இந்த நாட்குறிப்பு எதற்கு? வயிறு எரிகிறது. நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் ஒரு எழுத்துப்பிழை இருந்தது. அதைப் பார்த்ததும் கொஞ்சம் ஆறியது.

பையன்கள் பேசும் இடங்களை மட்டும் பென்சிலால் கோடிட்டுப் படித்தேன். பதினான்காம் அத்தியாயத்தில் புற்றுநோய் வந்த அம்மா ஒருத்தி வருகிறாள். ஒரே அழுகாச்சியாக இருக்கும் என்று தள்ளிவிட்டேன். அதில் எனக்கு வேண்டிய பேச்சு இருக்காது.

அக்டோபர் 10, வெள்ளி

பழைய கல்யாணப் பத்திரிகைகளை நறுக்கி அட்டைகள் தயாரித்தேன். ஒரு அட்டைக்கு ஒரு சொல். செய்தித்தாளிலிருந்தும் இணையத்திலிருந்தும் இதுவரை கிடைத்தவை: பொட்டலம், ஸ்டஃப், வீட், ஜாயின்ட், இலை, பச்சை, மால். ஒவ்வொன்றுக்கும் கீழே எந்த ஊர், எந்த வயது, எந்த வருடம் என்று குறிக்க இடம் விட்டிருக்கிறேன். சூசைக்கு இந்த ஒழுங்கு கிடையாது. அவன் துண்டுச்சீட்டில் எழுதிச் சட்டைப்பையோடு சலவைக்குப் போடுகிறவன்.

மகள் வெயினி மாலையில் சாம்பிராணி போட்டாள். காது பரிசோதனை மையத்தில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து, வெள்ளிக்கிழமை தவறாமல் தூபக்காலை எடுத்துக்கொண்டு மாடி அறைக்குப் போய்விடுகிறாள். இருபத்தைந்து வயதில் எந்தப் பெண் இதைச் செய்கிறாள்? என் மனைவி கோமதி நன்றாக இருந்தவரை, இவள் புகை ஆகாது என்று மூக்கைப் பொத்தியவள்தான். அம்மாவின் கடைசி மாதங்களில் தானாகவே ஆரம்பித்தாள். அம்மா போய்ப் பதினாறு மாதம் ஆகியும் விடவில்லை. பெற்றவனுக்குப் பெருமையாக இருக்கிறது.

கோமதி அந்த மாடி அறையில்தான் படுத்திருந்தாள், காற்று வரும் என்று. மருந்து ஏற்றிய பிறகு எதைக் கொடுத்தாலும் வாந்தி. வெள்ளிக்கிழமை மட்டும் என் மிளகு ரசத்தில் இரண்டு கரண்டி சோறு கரைத்துச் சாப்பிடுவாள். ரசத்தைப் பக்குவமாக வைத்தால் எந்த நோயாளியும் சாப்பிடுவான் என்று அப்போது எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

கள ஆய்வுக்குப் போனேன். ரயில்வே மேம்பாலத்துக்குக் கீழே டீக்கடை. பக்கத்துச் சுவரில் நான்கு பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். நானும் ஒரு டீ சொல்லிவிட்டு அருகில் போய், சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"தம்பிங்களா, மால் எப்பிடிப் போகுது?"

நால்வரும் எழுந்தார்கள். ஒருவன் மட்டும், "சார், எந்த ஸ்டேஷன்?" என்றான்.

"நான் எழுத்தாளர்ப்பா."

"பேப்பரா? டிவியா?"

"நாவல்."

அவர்கள் என்னைப் பார்த்த பார்வையில், போலீஸ் என்றே சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. டீக்கடைக்காரர் மீதிச் சில்லறையைக் கையில் வைத்து, "இந்தப் பக்கம் வராதீங்க பெரியவரே, யாவாரம் கெடுது" என்றார். பெரியவராம். தலைக்குச் சாயம் போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

ஒவ்வொரு தீபாவளிக்கும் சூசை எங்கள் வீட்டுக்கு வருவான். கிறிஸ்துமஸுக்கு நாங்கள் அவன் வீட்டுக்குப் போவோம். கோமதி இருந்தவரை அவள் சுட்ட முறுக்கு, இப்போது கடை மிக்சர். இந்த முறை அவன் முகத்தில் ஒரு தேஜஸ். ஒரு விருதின் குறும்பட்டியலில் நாவல் இருக்கிறதாம். அவனாகச் சொல்லவில்லை, வெயினிதான் சொன்னாள். அவளுக்கு எப்படி எனக்கு முன்னால் தெரிந்தது?

இருவரும் சமையலறையில் நின்று பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போனதும் பேச்சு காபியைப் பற்றியதாக மாறிவிட்டது. என்னிடம் அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று? என்னிடம் பேசினால் 'சாப்டாச்சா', 'கதவு சாத்தியாச்சா' இரண்டுதான்.

வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்டுவிட்டேன்.

"சூசை, உண்மையச் சொல்லுடா. அந்தப் பசங்க பேச்சு உனக்கு எங்க கெடச்சுது?"

"காது குடுத்தேன்டா. வேற என்ன?"

"நானுந்தான் குடுத்தேன். எந்திரிச்சு ஓடறானுங்க."

"நீ நோட்டுப் புக்கையும் சேத்து நீட்டியிருப்ப."

வெயினி கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 21, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. மிக்சர் ஒத்துக்கொள்ளவில்லை.

அக்டோபர் 30, வியாழன்

ஏழாம் அத்தியாயத்தைப் புதிதாக எழுதி முடித்தேன். நாற்பத்தோரு அட்டைகள், ஒன்றையும் வீணாக்கவில்லை. எழுதியதைச் சத்தமாக வாசித்துக் கேட்பது என் வழக்கம். கோமதிக்கு வாசிப்பேன். மாடி அறையில் அவள் படுத்திருந்த காலத்திலும் கீழே ஹாலில் நின்று அவளுக்குக் கேட்கிற மாதிரி உரக்க வாசிப்பேன். இன்று வெயினி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வாசித்தேன்.

முடித்ததும் கையிலிருந்த துணியை மடித்துக் கீழே வைத்தாள். பிறகு, "அப்பா, யாரும் அது பேரையே சொல்ல மாட்டாங்கப்பா" என்றாள்.

"பின்ன?"

"'இருக்கா'ன்னு கேப்பாங்க. இல்லன்னா மூஞ்சியப் பாப்பாங்க. நீங்க அஞ்சு பேரையும் பேச விட்டிருக்கீங்க. பேப்பர்ல சுத்துறவன் எப்பிடிப் பேசுவான்? நாக்கு அத ஒட்டிட்டு இருக்கும். அடிச்சதுக்கப்புறம் சொர்க்கம் நரகம்லாம் பேச மாட்டாங்க. பசிக்கும். பரோட்டாவப் பத்திப் பேசுவாங்க. அரை மணி நேரம் பரோட்டாவப் பத்தி மட்டுமே பேசுவாங்க."

"நாப்பத்தோரு வார்த்தை சேத்திருக்கேன்மா."

"நீங்க அட்டைல எழுதி முடிக்கறதுக்குள்ள வார்த்த மாறிடும்ப்பா. ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு பேர் இருக்கும்."

"இதெல்லாம் உனக்கு எப்பிடித் தெரியும்?"

"காலேஜ்ல பசங்க பேசுவாங்க" என்று சொல்லித் துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

காதில் விழுந்திருக்கும். கூடப் படித்தவர்கள் எப்படிப்பட்டவர்களோ! சாம்பிராணி போடுகிற பெண்ணுக்கு இதில் என்ன அனுபவம் இருக்க முடியும்? பரோட்டாவைப் பற்றி எழுதினால் நிலோஃபர் சிரிப்பாள். அவள் போகும்போது, "உனக்கு ஒண்ணும் தெரியாது, போ" என்று சொன்னேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லிவிட்டேன்.

நவம்பர் 3, திங்கள்

அத்தியாயத்தை அனுப்பினேன். நிலோஃபரின் பதில் ஒரு வரி: "சார், இப்ப அகராதி மாதிரி இருக்கு."

நவம்பர் 8, சனி

இன்று வாசகர் வட்டத்தில் சூசையின் நாவலுக்கு விமர்சனக் கூட்டம். நூலக மாடியில் நாற்பது பேர். 'நீண்டகால நண்பர்' என்று என்னையும் பேசப் போட்டிருந்தார்கள். மூன்றாவது வரிசையில் வெயினி வந்து உட்கார்ந்திருந்தாள். என் கூட்டங்களுக்கு அவளுக்கு லீவு கிடைத்ததே இல்லை.

எனக்கு முன்னால் பேசிய மூன்று பேரும் அந்த உரையாடலைத்தான் புகழ்ந்தார்கள். ஒருவர், "இந்த வயதில் இந்தக் காது!" என்றார். அது எனக்கு எங்கேயோ பட்டுவிட்டது. நான் தயாரித்துக்கொண்டு போன குறிப்பை மடித்து வைத்தேன்.

"நண்பர் ஒரு கணக்கு வாத்தியார்" என்று ஆரம்பித்தேன். "அவருக்குக் கஞ்சா வாசனையே தெரியாது. முப்பத்திரண்டு வருஷமா எனக்குத் தெரியும். அப்ப இது யாருடைய பேச்சு? யாரோ சொல்லச் சொல்ல எழுதியிருக்கார். நன்றிப் பக்கத்துல அந்தப் பேரு இல்ல. தினமும் நூத்தியிருபது பசங்களோட இருக்கிறவர். யார்கிட்ட கேட்டார், எப்படிக் கேட்டார்னு வாசகனுக்குத் தெரிய வேண்டாமா? பேரைச் சொல்லட்டும்."

சூசை மைக்கைப் பிடித்தான். முன்வரிசையைப் பார்த்தான், பின்னால் பார்த்தான், குனிந்துகொண்டான். "தில்லைநாயகம் சொல்றது சரிதான். அது என் பேச்சு இல்ல. யாருதுன்னு நான் சொல்லப் போறதில்ல" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான்.

அவன் வாயாலேயே ஒத்துக்கொண்டுவிட்டான். படியிறங்கும்போது இரண்டு பேர் என் கையைக் குலுக்கினார்கள். முழங்கால் வலியே தெரியவில்லை.

வெயினி எனக்காகக் காத்திருக்காமல் முன்பே பஸ் ஏறிப் போயிருந்தாள்.

நவம்பர் 9, ஞாயிறு

வெயினி பேசவில்லை. தலைவலி போலிருக்கிறது. தோசைக்கு அரைத்தேன்.

நவம்பர் 12, புதன்

முகநூலில் இதே பேச்சு. 'மாணவர்களிடம் கஞ்சாக் கதை கேட்கும் ஆசிரியர்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நான் அப்படிச் சொல்லவில்லை. நூற்றிருபது பையன்கள் என்றுதான் சொன்னேன். அதைப் படித்தவர்கள் கூட்டிக்கொண்டால் நான் என்ன செய்வது?

நவம்பர் 14, வெள்ளி

இன்று சாம்பிராணி இல்லை.

நவம்பர் 16, ஞாயிறு

சூசையிடம் பள்ளி நிர்வாகம் எழுத்துமூலமாக விளக்கம் கேட்டிருக்கிறதாம். எந்த மாணவன், பள்ளி வளாகத்தில் நடந்ததா, தெரிந்தும் ஏன் புகார் தரவில்லை என்று. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது அவனுக்கு. செய்தியைச் சொன்ன வாசகர் வட்டச் செயலாளர், "நீங்க இத நெனச்சுத்தான் அப்படிப் பேசினீங்களா?" என்று கேட்டார்.

நினைத்துப் பேசவில்லை என்றேன்.

கொஞ்சம் நினைத்துத்தான் பேசினேன்.

வெயினியின் அறையில் விளக்கு எரிந்தது. கதவைத் தட்டி, "சூசை மாமாவுக்கு இப்பிடி ஆயிடுச்சும்மா" என்றேன். உள்ளேயிருந்து, "அந்தப் புக்க முழுசாப் படிச்சீங்களாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

நவம்பர் 17, திங்கள்

பதினான்காம் அத்தியாயம். பக்கம் 112 முதல் 119 வரை.

படித்தேன். பிறகு சமையலறை அலமாரிகளைக் காலி செய்து தாள் மாற்றினேன். மூன்று டப்பாக்களில் காலாவதியான மசாலா இருந்தது. எறிந்தேன். தூபக்காலைத் தேய்த்துக் கழுவி வைத்தேன். மறுபடி அதே எட்டுப் பக்கங்களைப் படித்தேன்.

எழுதிவிடுகிறேன். கதையில் கிளாடி என்ற பையனுடைய அம்மாவுக்குப் புற்றுநோய். மருந்து ஏற்றிய வாரத்தில் தண்ணீர்கூடத் தங்காது. அவன் வெள்ளிக்கிழமைதோறும் மாடி அறையில் சாம்பிராணி போடுகிறான். அந்தப் புகைக்குள் அம்மாவை ஜன்னலோரம் உட்கார வைத்து, தான் சுற்றியதை அவள் உதட்டில் வைக்கிறான். இரண்டே இழுப்பு. அம்மா இருமிவிட்டுச் சிரிக்கிறாள். "எலேய், பசிக்குதுடா" என்கிறாள். கீழே ரிட்டயர்டு ரயில்வே கார்டான அப்பா, தன் ரசத்தின் மகிமையால்தான் அவள் சாப்பிடுகிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அம்மாவும் மகனும் வாயைப் பொத்திச் சிரிக்கிறார்கள்.

"அப்பாகிட்ட சொல்லிடாதடா. ஊருக்கே சொல்லிடுவாரு" என்கிறாள் அம்மா.

கிளாடி பையன் இல்லை. கார்டு நான்தான்.

எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. கோபமும் இல்லை. பொறாமைதான் வந்தது. என் மனைவி சிரித்தது சூசைக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

சூசையின் வீட்டுக்குப் போனேன். விளக்கக் கடிதம் எழுத உட்கார்ந்திருந்தான். மேசையில் வெற்றுத்தாள்.

"ஏண்டா சொல்லல?" என்றேன்.

"எங்க சொல்றது? மைக்லயா? மூணாவது வரிசைல ஒக்காந்திருந்தாடா அவ. பேர் வெளிய வந்தா அவ வேல என்னாகும்? போலீஸ் வந்தா?"

"எங்கிட்ட தனியா சொல்லியிருக்கலாம்."

"அவ சொல்ல வேணாம்னா. ஆஸ்பத்திரி வராண்டால நானும் அவளும்தான் ஒக்காந்திருப்போம், ஞாபகம் இருக்கா? நீ வெளிய புரூஃப் பாத்துனு இருப்ப. கோமதி போனப்புறம் ஒருநாள் அவளாவே வந்து ஒக்காந்து சொன்னா. சொல்லி முடிக்க நாலு மணி நேரமாச்சு. எழுதட்டுமான்னு நான் கேட்டேன். ஆம்பளப் பையனா மாத்தி எழுதுங்க, நான் படிச்சுப் பாக்கறேன்னா."

அலமாரியிலிருந்து அவன் கைப்பிரதியை எடுத்துக் கொடுத்தான். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் திருத்தங்கள். 'மாமா, இப்படிச் சொல்ல மாட்டாங்க.' 'மாமா, இது போன வருஷ வார்த்தை.' 'இங்க பேச்சே வேண்டாம்.' வெயினியின் சாய்ந்த கையெழுத்து. ஒன்றாம் வகுப்பில் நான் கைபிடித்து எழுதப் பழக்கியது.

நான் ஒரு அத்தியாயத்துக்காகத் தெருத்தெருவாக அலைந்தேன். என் வீட்டு மாடியிலிருந்து ஒருத்தி அவனுக்கு ஒரு நாவலையே திருத்திக் கொடுத்திருக்கிறாள். என்னிடமும் திருத்தத்தான் வந்தாள். 'உனக்கு ஒண்ணும் தெரியாது, போ' என்று அனுப்பியவன் நான்.

"மன்னிச்சுக்கடா" என்றேன்.

"எங்கிட்ட கேக்கறது இருக்கட்டும்" என்றான் சூசை. காபி கொடுத்தான். சர்க்கரை போட்டுவிட்டான், தெரிந்தே. குடித்தேன்.

நவம்பர் 20, வியாழன்

காலையில் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சூசையின் பள்ளிக்குப் போனேன். தாளாளர் ஒரு ஃபாதர். என்னை விடச் சின்னவர். இருக்கையைக் காட்டினார்.

"ஃபாதர், அந்தக் கூட்டத்துல பேசினது நான்தான். பொறாமைல பேசினேன். மரியசூசை எந்த மாணவன்கிட்டயும் எதுவும் கேக்கல."

"பிறகு யார்கிட்ட கேட்டார்?"

இதற்குப் பதிலைப் பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்திருந்தேன். "எங்கிட்ட" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்களா?"

"மனைவி போனதிலேருந்து."

"எத்தனை நாளா இந்தக் கஞ்சாப் பழக்கம்?"

அவர் அந்தப் பெயரைச் சொன்னதும் ஜன்னலைப் பார்த்தேன்.

"அதனால துக்கம் குறைஞ்சுதா?"

"பசிக்கும், ஃபாதர். பரோட்டா ஞாபகமாவே இருக்கும். வேற ஒண்ணும் இல்ல."

அவர் நம்பிவிட்டார்! நிலோஃபர் நம்பாததை, டீக்கடைச் சுவரில் உட்கார்ந்திருந்தவர்கள் நம்பாததை, பங்குச் சாமியார் ஒருவர் நம்பினார். கஞ்சாவைப் பற்றி நான் பேசி ஒரு மனிதர் நம்பியது இதுவே முதல் தடவை. அந்த நிலையிலும் எழுத்தாளனாக எனக்கு ஒரு நொடி சந்தோஷம் வந்தது. என்ன பிறவி நான்!

எழுதிக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். பெயர், முகவரி, கையொப்பம் எல்லாம் போட்டேன். போதை மறுவாழ்வு மையத்தின் துண்டறிக்கை ஒன்றை என் சட்டைப்பையில் வைத்து, தோளைத் தட்டி, எனக்காகச் செபிப்பதாகச் சொன்னார். விளக்கம் இனித் தேவையில்லை என்று சூசையை அங்கேயே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். வராண்டாவில் சூசை என்னைப் பார்த்த மாதிரி முப்பத்திரண்டு வருடத்தில் பார்த்ததில்லை.

வாசகர் வட்டக் குழுவிலும் அதையே எழுதிப் போட்டேன். மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கைகுலுக்கிய இருவரும் குழுவிலிருந்து விலகிவிட்டார்கள். நிலோஃபர் போன் செய்து, "சார், நீங்களா!" என்றாள். பக்கத்து வீட்டுக்காரர் இன்று வணக்கம் சொல்லவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

வெயினி வேலையிலிருந்து வரும்போது தூபக்காலில் கங்கு போட்டுத் தயாராக வைத்திருந்தேன். வாசலில் நின்று பார்த்தாள். நானே எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். பின்னாலேயே வந்தாள். கோமதி உட்கார்ந்திருந்த ஜன்னலோரம் காலியாக விட்டு, இருவரும் தரையில் உட்கார்ந்தோம். வெளியில் இன்னும் வெளிச்சம் இருந்தது.

"நீங்க எதுக்குப்பா உங்க பேரச் சொன்னீங்க?" என்றாள்.

"வேற யார் பேரச் சொல்றது?"

"ஃபாதர் நோட்டீஸ் குடுத்தாராமே. சூசை மாமா சொன்னாரு." அதற்கு மேல் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நானும்.

"இப்பவும் உண்டா?" என்று கேட்டேன்.

"எப்பவாவது. வெள்ளிக்கெழம. அம்மா இங்க இருக்கற மாதிரி இருக்கும். போன வாரத்துலேருந்து இல்ல." கங்கைக் கிளறியபடி, "விட்டுடறேன்னு இப்பச் சொன்னா அது பொய்யாயிடும்ப்பா. பாக்கறேன்" என்றாள்.

திட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பயமாகவும் இருந்தது. ஆனால் இப்போது திட்டினால் மறுபடி 'சாப்டாச்சா'வுக்குப் போய்விடுவாள். எனக்குப் பயமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். தலையாட்டினாள்.

பிறகு அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னாள். "அதுல எல்லாம் சரியா இருக்கும்ப்பா. ஒரே ஒரு வரி தப்பு. மாமா வேணும்னே மாத்திட்டாரு, உங்களுக்கு வலிக்கும்னு. 'ஊருக்கே சொல்லிடுவாரு'ன்னு அம்மா சொல்லல."

"என்ன சொன்னா?"

வெயினி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "'அப்பாகிட்ட சொல்லாதடி, எழுதிடுவாரு'ன்னாங்க."

நான் இருமியது சாம்பிராணிப் புகையால் என்று எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தாள்.

நவம்பர் 28, வெள்ளி

ஒரு வாரமாக எதுவும் எழுதவில்லை. நாற்பத்தோரு அட்டைகளையும் கங்கில் போட்டேன். பழைய பத்திரிகை அட்டை, நன்றாகவே எரிந்தது.

ஏழாம் அத்தியாயத்தை மூன்றே பக்கத்தில் எழுதி நேற்று அனுப்பினேன். பையன்கள் பரோட்டாவைப் பற்றிப் பேசுகிறார்கள். சுற்றுகிறவன் பேசுவதில்லை. மாடி அறையோ, ஜன்னலோ, அம்மாவோ அதில் இல்லை. நிலோஃபர் இன்று காலை கூப்பிட்டாள்.

"சார், இப்ப கரெக்டா இருக்கு. யாரக் கேட்டு எழுதினீங்க?"

"சொல்ல மாட்டேன்மா" என்றேன்.

சூசைக்கு விருது கிடைத்துவிட்டது. மதியம் வாழ்த்துச் சொன்னேன். வயிறு எரிந்தது, முன்போல அவ்வளவு இல்லை.

மாலையில் மாடியில் உட்கார்ந்தோம். வெயினி வெறும் சாம்பிராணி மட்டும்தான் போட்டாள், மோந்து பார்த்தேன். கடைசி வாரத்தில் ஒருநாள் கோமதி என்னைப் பற்றி அவளிடம் ஒன்று சொல்லியிருக்கிறாள். நான் கீழே ஹாலில் நின்று வாசித்துக்கொண்டிருந்தபோது, மேலே படுத்தபடி சொன்னது. "இத சூசை மாமாகிட்டகூட நான் சொன்னதில்லப்பா" என்று ஆரம்பித்து, கோமதியின் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்.

முப்பத்தோரு வருடம் கூட வாழ்ந்து நான் கேட்காத பேச்சு. ஒரு சொல் மாறாமல் ஞாபகம் இருக்கிறது.

அதை இங்கே எழுதவில்லை.